கோட்டுக்கு வெளியே இருக்கும் வீடு: வாசகர் கேள்வி - பதில்

தொழிற்சாலையிலிருந்து நச்சு வாயு கசிந்தால் அது எதுவரை பரவும் என்பதைக் கணினி மாதிரிகள் மூலம் கணிக்கும் முறையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அந்தக் கணிப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற ஒன்றையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எங்கள் கடலோரத்தில் அம்மோனியா குழாய் கசிந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியவர்களில் நானும் ஒருத்தி. பிறகு நடந்த ஒரு பாதுகாப்பு ஒத்திகையில் வரைபடம் ஒன்றைக் காட்டினார்கள். அதில் சிவப்புக் கோடு எங்கள் வீட்டுக்கு 200 மீட்டர் முன்பே முடிந்துவிடுகிறது. எங்களுக்கு ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகி, எண்ணூர்

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கோடு சுவர் அன்று. சில உள்ளீடுகளை உண்மை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், வாயுவின் செறிவு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும் இடங்களை இணைத்து வரைந்த வளைவு அது. நொடிக்கு எத்தனை கிலோ வாயு வெளியேறியது, காற்று எந்தப் பக்கம் எந்த வேகத்தில் வீசியது, அந்நேரத்து வளிமண்டலம் வாயுவை மேலே கலக்கவிட்டதா அல்லது தரையோடு அழுத்தி வைத்ததா என்ற மூன்றும் தெரிந்தால்தான் அந்த வளைவை வரைய முடியும். விபத்து நடக்கும் இரவில் இம்மூன்றில் ஒன்றுகூட யாருக்கும் துல்லியமாகத் தெரிந்திருப்பதில்லை.

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். குழாயில் விழுந்த ஓட்டையின் விட்டத்தை 10 மில்லிமீட்டர் என்று கருதிக் கணக்கிட்டிருக்க, உண்மையில் அது 14 மில்லிமீட்டராக இருந்தால், வெளியேறும் வாயு ஏறத்தாழ இருமடங்காகிவிடும். வெளியேற்றம் இருமடங்கானால் ஆபத்து எல்லை பெரும்பாலும் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு நகரும். அதாவது ஒரு கிலோமீட்டரில் வரைந்த கோடு ஒன்றரைக் கிலோமீட்டரில் இருந்திருக்க வேண்டும். நான்கு மில்லிமீட்டர் பிழைக்கே இந்த நிலை என்றால், உங்கள் வீட்டுக்கும் கோட்டுக்கும் இடையே உள்ள 200 மீட்டரைப் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

திசையில் நேரும் பிழை இதைவிடப் பெரிது. வானம் தெளிந்து காற்று மெலிந்த இரவில் வாயுப் படலம் ஒடுங்கிய நாடாவைப் போல் நகரும். வழக்கமான சூத்திரங்களின்படி, ஒரு கிலோமீட்டர் தொலைவில் அதன் பக்கவாட்டுப் பரவலின் திட்ட விலக்கம் (நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் படலம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதன் அளவு) 40 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. காற்றின் திசையில் 10 பாகை தவறினால், அதே தொலைவில் படலத்தின் நடுக்கோடு ஏறத்தாழ 176 மீட்டர் விலகிவிடும். நட்டநடுவில் இருப்பதாக வரைபடம் காட்டிய வீட்டுக்கு, நடுக்கோட்டுச் செறிவில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்குகூட வந்து சேராது. பாதுகாப்பானது என்று காட்டிய அடுத்த தெரு வீடு நடுவில் அகப்பட்டுக்கொள்ளும். பத்துப் பாகை என்பது பெரிய தவறும் அன்று. விமான நிலைய வானிலை அறிக்கைகளே காற்றின் திசையைப் பத்துப் பாகைப் படிகளில்தான் தருகின்றன. மேலும், மீனம்பாக்கத்தில் அளந்த காற்று, அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, கடற்காற்றும் நிலக்காற்றும் மாறி மாறி வீசும் எண்ணூர்க் கரையிலும் அதே திசையில்தான் வீசியிருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

எனவே, வாயு எவ்வளவு தூரம் போகும் என்பதும் எந்தப் பக்கம் போகும் என்பதும் தனித்தனிக் கேள்விகள். மாதிரிகள் முதல் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லும். இரண்டாவதில் அடிக்கடி தடுமாறும். இதை ஒப்புக்கொள்ளும் மென்பொருள்களும் இருக்கின்றன. அமெரிக்க அரசின் இரு அமைப்புகள் உருவாக்கி உலகெங்கும் பயன்படும் அலோஹா, ஆபத்துப் பகுதியைச் சுற்றி இரு பக்கமும் கூடுதலாக ஒரு கோட்டை வரைகிறது. காற்று திசை மாறினாலும் இருபதில் பத்தொன்பது முறை வாயு மேகம் அந்தக் கோடுகளுக்குள் இருக்கும் என்பது அதன் பொருள். காற்று மிக மெலிந்திருந்தால் அந்தக் கோடு முழு வட்டமாகவே விரிந்துவிடும். உங்களுக்குக் காட்டிய வரைபடத்தில் அத்தகைய கோடு இருந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால், கணக்கிட்டவரிடம் இருந்த தகவலில் பாதிதான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

அளந்த செறிவும் கணித்த செறிவும் இருமடங்கு வித்தியாசத்துக்குள் இருந்தாலே அது நல்ல மாதிரி என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் படித்தேன். எங்கள் ஆய்வகத்தில் 5 சதவீதப் பிழைக்கே மதிப்பெண் குறைப்பார்கள். இவ்வளவு தளர்வை அறிவியல் என்று எப்படி ஏற்பது?
- இயற்பியல் மாணவர், கோயம்புத்தூர்

பூசை அறையில் ஏற்றிய சாம்பிராணிப் புகையைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு நொடியும் அது ஒவ்வொரு விதமாகச் சுருளும். நேற்றைய சுருள் இன்று திரும்ப வராது. நூறு நாள் எடுத்த நூறு படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால்தான் வழவழப்பான கூம்பு கிடைக்கும். பரவல் மாதிரிகளில் பெரும்பாலானவை கணிப்பது அந்தக் கூம்பைத்தான். களத்தில் கருவி அளப்பதோ ஒரே ஒரு நாளின் ஒரே ஒரு சுருளை. உள்ளீடுகள் எல்லாம் பிழையற்றவையாக இருந்தாலும், சூத்திரம் முழுக்கச் சரியாக இருந்தாலும், காற்றின் கொந்தளிப்பால் எழும் இந்த இடைவெளி மறையாது. இங்கே இருமடங்கு என்ற வரம்பு சோம்பலால் வந்தது அன்று. இயற்கையே விட்டுவைத்திருக்கும் எச்சம் அது.

இதற்குச் சான்றாக இன்றும் நிற்பது 1956 கோடையில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஓநீல் நகருக்கு அருகில் நடந்த பிரெய்ரி கிராஸ் சோதனை. சமதளமான புல்வெளியில், தரையை ஒட்டிய குழாய் வழியே, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் கந்தக டைஆக்சைடை வெளியேற்றினார்கள். 50, 100, 200, 400, 800 மீட்டர் தொலைவுகளில் வில் வடிவில் கருவிகளை நிறுத்தி அளந்தார்கள். ஏறத்தாழ 70 முறை இதைச் செய்தார்கள். மலையோ கட்டடமோ இல்லாத இடம், அளந்து வெளியேற்றிய வாயு, அருகிலேயே காற்றை அளக்கும் கருவிகள் என இதைவிடச் சாதகமான சூழல் கிடைப்பது அரிது. அப்படியிருந்தும் மாதிரிகளும் அளவீடுகளும் அச்சு அசலாகப் பொருந்துவதில்லை.

ஜோசப் சாங், ஸ்டீவன் ஹன்னா ஆகிய இருவரும் 2004-இல் முன்வைத்த அளவுகோலைப் பலரும் பின்பற்றுகிறார்கள். கணிப்புகளில் பாதியாவது இருமடங்கு வரம்புக்குள் விழ வேண்டும். சராசரிச் சாய்வு, அதாவது கணிப்புகள் ஒட்டுமொத்தமாக மிகையாகவோ குறைவாகவோ காட்டும் போக்கு, 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பவை அதன் முக்கியமான கூறுகள். கட்டடங்கள் நெருங்கிய நகரங்களுக்கு 2012-இல் இதையும் தளர்த்தி, 30 சதவீதக் கணிப்புகள் வரம்புக்குள் இருந்தால் போதும் என்றார்கள். ஆனால் நீங்கள் கேட்க மறந்த ஒன்று இருக்கிறது. அது கேட்க வேண்டியது. இந்த ஒப்பீடுகளில் பல, ஒவ்வொரு வில்லிலும் பதிவான உச்ச அளவை மாதிரி தரும் உச்ச அளவோடு மட்டுமே பொருத்திப் பார்க்கின்றன. உச்சம் எந்தக் கருவியின்மேல் விழுந்தது என்பதை அவை பார்ப்பதில்லை. அதே இடத்தில், அதே நேரத்தில் என்று கட்டுப்படுத்தி ஒப்பிட்டால் மதிப்பெண் சட்டென்று இறங்கிவிடும். எண்ணூர் வாசகிக்குச் சொன்ன பத்துப் பாகைக் கணக்குதான் காரணம். ஒரு மாதிரி தேறிவிட்டது என்று யாராவது சொன்னால், எந்தத் தேர்வில் என்று கேளுங்கள்.

ஒரே விபத்துக்கு ஆறு மென்பொருள்களை ஓட்டிப் பார்த்து எல்லாம் ஏறத்தாழ ஒரே விடை தந்தால், அதற்கு மேல் என்ன சந்தேகம் இருக்க முடியும்?
- வாசகர், திருச்சிராப்பள்ளி

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள கிரானிட்வில் என்ற ஆலை ஊரில், 2005 ஜனவரி 6 அதிகாலை, தடம் மாறிய சரக்கு ரயில் ஒன்று நின்றிருந்த ரயிலின்மேல் மோதியது. ஒரு டேங்கர் பெட்டி கிழிந்து ஏறத்தாழ 54 மெட்ரிக் டன் குளோரின் வெளியேறியது. ஒன்பது பேர் இறந்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. இந்த விபத்தையும், 2002-இல் மிசௌரி மாநிலத்து ஃபெஸ்டஸிலும் 2004-இல் டெக்சஸ் மாநிலத்து மக்டோனாவிலும் நடந்த குளோரின் கசிவுகளையும் எடுத்துக்கொண்டு, ஹன்னாவும் உடன் பணியாற்றியவர்களும் நீங்கள் சொல்வது போலவே, பரவலாகப் புழங்கும் ஆறு மாதிரிகளை ஒப்பிட்டார்கள். ஆறும் காட்டிய செறிவுகளை அப்படியே நம்பினால், உண்மையில் நேர்ந்ததைவிட மிக அதிகமானோர் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆறு பேர் ஒரே பாடப்புத்தகத்தைப் படித்துத் தேர்வு எழுதினால், புத்தகத்தில் உள்ள தவறு ஆறு விடைத்தாளிலும் இருக்கும். குளோரின் புல், மண், உலோகம் ஆகியவற்றோடு வினைபுரிந்து காற்றிலிருந்து குறைந்திருக்கலாம். பீறிட்ட திரவத்தில் ஒரு பங்கு தரையிலேயே தேங்கி, மெதுவாக ஆவியாகியிருக்கலாம். மக்கள் மூடிய வீட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு சுவாசித்தால் உயிர் போகும் என்ற அட்டவணைகளே மிகை எச்சரிக்கையோடு தயாரிக்கப்பட்டவையாக இருக்கலாம். இவற்றில் எது எவ்வளவு பங்கு வகித்தது என்பதை மென்பொருளுக்குள் இருந்தபடியே அறிய வழியில்லை.

ஆகவே வெளியே போய் அளந்தார்கள். 2010-இல் யூட்டா மாநிலத்து டக்வே சோதனைக் களத்தில் ஜாக் ராபிட் என்ற பெயரில் சிறிய அளவில் தொடங்கி, 2015, 2016 ஆண்டுகளில் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 4.5 முதல் 18 டன் வரை குளோரினைத் திறந்தவெளியில் வெளியேற்றி அளந்தார்கள். 2015-இல் கப்பல் கன்டெய்னர்களை வரிசையாக அடுக்கி ஒரு போலி ஊரையே கட்டினார்கள். மாதிரிகளுக்கிடையே உள்ள ஒற்றுமை, உண்மையோடு உள்ள ஒற்றுமை ஆகாது என்பதை ஏற்றுக்கொண்டு, இவ்வளவு செலவும் ஆபத்தும் மிகுந்த வேலையில் இறங்கியவர்கள்மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

நிச்சயமின்மையைச் சரியாகச் சொல்லாததால் உண்மையில் யாராவது பாதிக்கப்பட்டதுண்டா, அல்லது இது ஆய்வாளர்களுக்குள் நடக்கும் விவாதம் மட்டும்தானா?
- முன்னாள் ராணுவ வீரர், வேலூர்

இந்தக் கேள்வி உங்களிடமிருந்து வந்திருப்பது பொருத்தமே. விடையும் ராணுவ வீரர்களைப் பற்றியதுதான்.

வளைகுடாப் போர் முடிந்த கையோடு, 1991 மார்ச் மாதத்தில், தெற்கு ஈராக்கின் கமிசியா ஆயுதக் கிடங்கை அமெரிக்கப் படையினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மார்ச் 10 அன்று ஒரு குழியில் குவித்திருந்த 122 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளையும் வெடித்தார்கள். அவற்றுள் சாரின், சைக்ளோசாரின் என்ற நரம்பு நச்சுகள் இருந்தன என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. 1996-இல்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. அந்த நச்சு யார் யார்மீது படிந்திருக்கும் என்பதைக் கண்டறியும் பொறுப்பு, ஐந்தாண்டு கழித்துப் பரவல் மாதிரிகளிடம் வந்து சேர்ந்தது.

மாதிரிக்குக் கொடுக்கக் கையில் என்ன இருந்தது? எத்தனை ராக்கெட்டுகள் சிதைந்தன, ஒவ்வொன்றிலிருந்தும் எவ்வளவு நச்சு காற்றில் கலந்தது, எவ்வளவு மண்ணில் ஊறியது என்பது தெரியாது; அதற்காக 1997-இல் டக்வேயில் மாற்று வேதிப்பொருள் நிரப்பிய ராக்கெட்டுகளை வெடித்துப் பார்த்தார்கள். அன்றைய ஈராக் வானிலை குறித்த அளவீடுகளோ மிகச் சில. நிபுணர் குழுவின் ஆலோசனைப்படி பல வானிலை மாதிரிகளையும் பல பரவல் மாதிரிகளையும் ஓட்டி, அவை காட்டிய பகுதிகள் அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஆபத்துப் பகுதி என்றார்கள். 1997-இல் ஏறத்தாழ 98,900 வீரர்கள் அப்பகுதிக்குள் இருந்திருக்கலாம் என்று அறிவித்து, அவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள்.

2000-இல் உள்ளீடுகளைத் திருத்தி மறுபடியும் கணக்கிட்டபோது கிடைத்த எண்ணிக்கை 1,01,752. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முதல் கணக்கு மிகச் சரியாக இருந்தது என்றே தோன்றும். ஆனால் ஆட்கள் மாறிவிட்டார்கள். முதல் பட்டியலில் இருந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விலக்கப்பட்டார்கள். அதே அளவினர் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள். நீ நச்சைச் சுவாசித்திருக்கலாம் என்று மூன்றாண்டு முன்பு கடிதம் பெற்ற ஒருவர், இப்போது இல்லை என்று இன்னொரு கடிதம் பெறுகிறார். இத்தனை நாள் நிம்மதியாக இருந்த மற்றொருவருக்கு முதல் கடிதம் வருகிறது. எவ்வளவு என்பதற்கும் எங்கே என்பதற்கும் உள்ள இடைவெளியை இதைவிடக் கூர்மையாகக் காட்டும் நிகழ்வை நான் அறியேன்.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக இயங்கும் கணக்காய்வு அலுவலகம் 2004-இல் இந்தக் கணிப்பை ஆராய்ந்து, இதைக்கொண்டு எட்டிய முடிவுகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. வெளியேற்ற அளவு உறுதியற்றது, மேகம் எழும்பிய உயரம் குறைத்து மதிப்பிடப்பட்டது, மாதிரிகள் ஒன்றோடொன்று முரண்பட்டன, அமெரிக்காவின் லிவர்மோர் தேசிய ஆய்வகத்து மாதிரி காட்டிய வேறுபட்ட விடை சேர்க்கப்படவில்லை என்பவை அது சுட்டிய குறைகள்.

இதில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு. எல்லா மாதிரிகளும் காட்டிய பகுதிகளைச் சேர்த்துக்கொள்வது, எச்சரிக்கைக் கடிதம் எழுதுவதற்கு நியாயமான வழிதான்; ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்பதே அங்கு நோக்கம். ஆனால் அதே வரைபடத்தை எடுத்து, உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே இருந்தவர்களைவிட நோய் அதிகமா என்று மருத்துவ ஆய்வு நடத்தினால், நச்சுப் படாத ஆயிரக்கணக்கானவர்கள் பட்டவர்களோடு கலந்துவிடுவார்கள். இருக்கும் வேறுபாடும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். ஒரு காரியத்துக்குப் பொருந்தும் வரைபடம் மற்றொரு காரியத்துக்குப் பொருந்தாது. தவறவிட்ட பகுதி எவ்வளவு, வீணாக எச்சரித்த பகுதி எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக அளக்கும் முறையை அமெரிக்கப் பாதுகாப்புப் பகுப்பாய்வு நிறுவனத்து ஆய்வாளர்கள் பின்னர் வகுத்தார்கள். எந்தப் பிழையை எவ்வளவு பொறுத்துக்கொள்ளலாம் என்பதைப் பயன்படுத்துபவர்தான் முடிவு செய்ய வேண்டும். மாதிரி முடிவு செய்யாது.

மாதிரிகள் தருவது சராசரிச் செறிவு என்கிறீர்கள். நோயாளியின் நுரையீரலுக்குச் சராசரி போதுமா?
- செவிலியர், மதுரை

போதாது. குளோரின், அம்மோனியா ஆகியவற்றின் தீங்கைக் கணக்கிட, பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் செறிவின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கி வரும் அளவைப் பயன்படுத்துகிறது. குளோரினுக்கு அந்த அளவு 1,08,000-ஐ எட்டினால், ஏறத்தாழ எல்லோருக்கும் கடும் துன்பம் நேரும். எளிதில் பாதிக்கப்படக்கூடிய சிலர் இறக்கவும் கூடும் என்று கொள்கிறார்கள். பத்து நிமிடம் 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு வாயு) சீராக இருந்தால் கிடைப்பது 1,00,000. வரம்புக்குச் சற்றுக் கீழே. அதே பத்து நிமிடத்தில் ஐந்து நிமிடம் 200 பிபிஎம், மீதி ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை என்று வாயு அலை அலையாக வந்தால், சராசரி அதே 100தான். ஆனால் கணக்கு 2,00,000 ஆகிவிடும். சராசரியை மட்டும் வைத்துப் பாதுகாப்பு எல்லை வரைவது, இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. செறிவின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணிக்கும் மாதிரிகள் இருக்கின்றன. அவை இன்னும் பரவலாகப் பயன்பட வேண்டும்.

இன்றைய கணினிகளைக் கொண்டு போபாலில் அன்று இரவு நடந்ததைத் துல்லியமாக மீட்டெடுக்க முடியுமா?
- வாசகர், சேலம்

முடியாது. 1984 டிசம்பர் 2-3 இரவில் 610-ஆம் எண் தொட்டியில் இருந்த மெதில் ஐசோசயனேட்டில் ஏறத்தாழ 40 டன் வெளியேறியது என்கிறோம். ஆனால் தொட்டியின் வெப்பம் 200 பாகை செல்சியஸைத் தாண்டியிருந்த நிலையில், என்னென்ன வேதிப்பொருள்கள் எந்த விகிதத்தில் எந்த நிமிடத்தில் வெளிவந்தன என்பதற்கு அளவீடு இல்லை. ஊருக்குள் ஓர் இடத்தில்கூட அன்று செறிவு பதிவாகவில்லை. கணினி எவ்வளவு வேகமாக ஓடினாலும் பதிவாகாத அளவீட்டை அது உண்டாக்கித் தராது.

ஊராட்சியில் பொறுப்பில் இருக்கிறேன். இதையெல்லாம் மக்களிடம் சொன்னால் வரைபடத்தையே நம்ப மாட்டார்களே? அதற்குச் சொல்லாமலே இருந்துவிடலாம் அல்லவா?
- வாசகர், கடலூர் மாவட்டம்

சொல்லாமல் விட்டால், முதல் விபத்தில் கோட்டுக்கு வெளியே ஒருவர் மயங்கி விழுந்ததும் நம்பிக்கை முழுவதும் போய்விடும். நிச்சயமின்மையைச் சொல்வது என்றால் எதுவும் தெரியாது என்று கைவிரிப்பது அன்று. வரைபடத்தில் ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக, பெரும்பாலும் பாதிக்கப்படும் பகுதி, பாதிக்கப்படக்கூடிய பகுதி என்று இரு நிறங்களைக் காட்டினால் மக்களுக்குப் புரியும். புயல் கரையைக் கடக்கும் இடத்தை வானிலைத் துறை விரியும் கூம்பாகக் காட்டுகிறது. நம் மீனவர்கள் அதைப் படிக்கப் பழகியிருக்கிறார்கள்.

அத்துடன், பிழையைத் தாங்கும் நடவடிக்கைகளுக்கு முதலிடம் கொடுங்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்பது காற்றின் திசை சரியாகத் தெரிந்தால்தான் பயன்படும். தவறினால் மேகத்துக்குள்ளேயே கொண்டுபோய் விடும். குறுகிய நேரக் கசிவின்போது வீட்டுக்குள் இருந்து கதவு சன்னல்களை அடைத்துக்கொள்வது, காற்று எந்தப் பக்கம் வீசினாலும் ஓரளவு காக்கும். மேகம் கடந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தவுடன் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏனென்றால் அந்நேரத்தில் வெளியே இருப்பதைவிட உள்ளேதான் வாயு மிகுதியாகத் தங்கியிருக்கும்.

1996-ஆம் ஆண்டு வேதிப்பொருள் விபத்து விதிகளின்படி உங்கள் மாவட்ட ஆட்சியர் தலைமையில் நெருக்கடிக் குழு ஒன்று இயங்க வேண்டும். அதன் அடுத்த கூட்டத்தில் இவற்றைக் கேளுங்கள்: வரைபடத்துக்கான காற்று விவரம் எந்த நிலையத்தில், எந்த உயரத்தில் அளந்தது? இரவு நேரத்துக்குத் தனியாகக் கணக்கிட்டார்களா? வெளியேற்ற அளவை இருமடங்காக்கினால் எல்லை எங்கே போகிறது? ஆலைக்குள் மட்டும் பறக்கும் காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய் ஒன்றை உங்கள் ஊர்த் தெருவிலிருந்தும் தெரியும்படி, இரவில் விளக்கு வெளிச்சம் படும்படி, எப்போது கட்டித் தருவார்கள்?